துடைப்பமும் கணக்கேடும்: தூய்மைப் பணியாளர்களோடு சேர்ந்து பிளாஸ்டிக் குப்பையை எண்ணுவது எப்படி?

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காலை ஆறு மணிக்குப் போனால், முந்தைய நாள் மாலைக் கூட்டம் விட்டுச் சென்றதெல்லாம் மணலில் அப்படியே கிடக்கும். எட்டரை மணிக்குப் போனால் மணல் சுத்தமாக இருக்கும். இந்த இரண்டரை மணி நேரத்துக்குள், அங்கே எத்தனை டீ கப், எத்தனை தண்ணீர் பாட்டில், எத்தனை சிப்ஸ் பாக்கெட் கிடந்தன என்ற விவரம் மூட்டைக்குள் போய், மூட்டை வண்டிக்குள் போய், வண்டி குப்பைமேட்டுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் மறைந்துவிடுகிறது. அந்த விவரத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான். அதைக் கூட்டி அள்ளிய தூய்மைப் பணியாளர். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை நான் கேட்டேன். நடுவயதுப் பெண்மணி ஒருவர், கூட்டி வைத்த குவியலிலிருந்து இரண்டு பிஸ்கட் உறைகளை எடுத்துக் காட்டினார். "இது நேத்து சாயங்காலம் ஜனங்க போட்டதுங்க. இது ஆத்துல வந்து கடல் ஒதுக்கினது. பாருங்க, எழுத்தே அழிஞ்சு போச்சு" என்றார். முதல் உறை மடிப்புக் கலையாமல், அச்சு மங்காமல், உள்ளே பிஸ்கட் தூளோடு இருந்தது. இரண்டாவதில் நிறம் வெளுத்து, ஓரம் நைந்து, மடிப்புகளுக்குள் கறுப்புச் சேறு ஏறியிருந்தது. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். கடற்கரைக் குப்பை எங்கிருந்து வருகிறது, கரையில் போடப்பட்டதா நீர் கொண்டு வந்ததா என்பது கடல்சார் ஆய்வாளர்கள் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. நிறம் வெளுத்திருக்கிறதா, ஓரம் தேய்ந்திருக்கிறதா, கடலுயிரிகள் ஒட்டி வளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் அவர்களும் பிரித்தறிகிறார்கள். அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே அதைச் செய்தார்.

இந்த அறிவைக் கணக்காக மாற்ற முடியுமா, மாற்றினால் அது அறிவியல் ஆகுமா, அதற்கு என்னென்ன தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிமக்கள் அறிவியல் என்றால்

தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாத பொதுமக்கள், ஒழுங்கான ஒரு முறையைப் பின்பற்றித் தரவு திரட்டுவதிலோ ஆய்வின் மற்றக் கட்டங்களிலோ பங்கெடுப்பதைக் குடிமக்கள் அறிவியல் என்கிறோம். ('குடிமகன்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பொருளும் வழங்குவதால் சிலருக்குச் சிரிப்பு வரலாம், வேறு நல்ல சொல் நிலைபெறும்வரை இதையே வைத்துக்கொள்வோம்.) அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இதன் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் இதே வகைதான். குப்பை விஷயத்தில், 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையையொட்டிப் பல நாடுகளில் நடக்கும் பன்னாட்டுக் கடலோரத் தூய்மை நாள் முக்கியமானது. அதில் கலந்துகொள்பவர்கள் குப்பையை அள்ளுவதோடு நிற்பதில்லை. என்ன பொருள், எத்தனை என்று படிவத்தில் குறிக்கவும் செய்கிறார்கள்.

இப்படித் திரளும் எண்களை அரசுகள் மதிக்குமா என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14ஆவது இலக்கு கடலைப் பற்றியது. கடலில் சேரும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி அதற்கான அளவீடுகளுள் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா, கடற்கரைத் தூய்மைப் பணிகளில் தன்னார்வலர்கள் எண்ணிய எண்ணிக்கையைத் தன் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தோடு இணைத்து, இந்த அளவீட்டை ஐ.நா.வுக்கு அறிக்கையாக அளித்தது. இந்த அளவீட்டுக்கு அவ்வாறு செய்த முதல் நாடு அதுதான்.

ஆனால் நம் ஊர்களில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வருபவர்கள் யார்? பள்ளி, கல்லூரி மாணவர்கள், தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர். ஒரு சனிக்கிழமை காலை கையுறையும் தொப்பியும் அணிந்து வந்து, இரண்டு மணி நேரம் எண்ணிவிட்டு, குழுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் முயற்சியைக் குறை சொல்லவில்லை. இருந்தாலும் ஆண்டில் ஒரு நாள் வருபவர் குடிமக்கள் விஞ்ஞானி என்று அழைக்கப்பட, 300 நாள் அதே மணலில் நிற்பவர் அந்தப் படத்தின் ஓரத்தில்கூட இல்லாமல் போவது விசித்திரமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 2020இல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றப்பட்டது. இந்த வேலை பெரும்பாலும் பட்டியல் சாதியினர் தலையில், அவர்களுள்ளும் அருந்ததியர் போன்ற சமூகத்தினர் தலையில் சுமத்தப்பட்டிருக்கும் நிலை மாறவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை 'அறிவு' என்று எண்ணத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்டியல் கணக்கு

நியாயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அளவியல் நோக்கில் மட்டும் பார்த்தாலும் தூய்மைப் பணியாளர்களே இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். அதற்கு, கடற்கரைக் குப்பையை அளப்பதில் உள்ள இரண்டு வகைகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கோயில் உண்டியலைத் திறந்து எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தொகை தெரிந்துவிடும். ஆனால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு காணிக்கை விழுகிறது என்று சொல்ல வேண்டுமானால், கடைசியாக உண்டியல் எப்போது காலி செய்யப்பட்டது என்ற தேதியும் தெரிய வேண்டும். கடற்கரையும் இப்படித்தான். ஒரு நாள் போய் அங்கே கிடப்பதை எண்ணினால் கிடைப்பது 'இருப்பு'. முழுவதும் அகற்றிவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பப் போய், புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எண்ணினால் கிடைப்பது 'சேரும் வீதம்'. ஒரு தடை உத்தரவு வேலை செய்கிறதா, புதிதாக வைத்த குப்பைத் தொட்டியால் பயன் உண்டா, மழைக்குப் பின் ஆறு எவ்வளவு கொண்டு வருகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது இந்த இரண்டாவது எண்தான்.

சேரும் வீதத்தை அளக்க, அமெரிக்கக் கடல்சார் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் முறை, 100 மீட்டர் நீளக் கரையில் 2.5 சென்டிமீட்டரை விடப் பெரிய பொருள்களை எல்லாம் அகற்றி எண்ணி, ஏறத்தாழ 28 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரச் சொல்கிறது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் பின்பற்றும் முறையில் ஆண்டுக்கு நான்கு முறை எண்ணுகிறார்கள். இவ்வளவு நீண்ட இடைவெளி, ஆள் கிடைக்காததால் வந்த சமரசமும்தான்.

இடைவெளி நீண்டால் என்ன ஆகும்? உண்டியலுக்கு அடியில் ஓட்டை இருந்தால் மாதக் கடைசியில் எண்ணும் தொகை குறைவாகத்தானே இருக்கும். கடற்கரைக்கு ஓட்டைகள் பல. காற்று கவர்களைத் தூக்கிச் செல்கிறது, ஓதம் இழுத்துக்கொள்கிறது, மணல் புதைத்துவிடுகிறது. தெற்குப் பெருங்கடலில் ஆளரவமற்ற மக்வாரி, ஹேர்ட் தீவுகளின் கரைகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, மாதம் ஒருமுறை எண்ணிக் கணக்கிட்ட வீதம், தினமும் எண்ணிக் கணக்கிட்ட வீதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. அதாவது, மாதம் ஒருமுறை மட்டும் போகிறவர், வந்து சேர்ந்த குப்பையில் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை.

இப்போது பெசன்ட் நகருக்குத் திரும்புவோம். தினமும், ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒதுக்கப்பட்ட ஒரே துண்டு நிலத்தில், கிடப்பதையெல்லாம் ஒருவர் அகற்றுகிறார். எந்த ஆய்வு நிதியாலும் எளிதில் வாங்க முடியாத இந்த ஒழுங்கு, நகராட்சி வேலையாக ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அறிவியலுக்குக் கடினமான பகுதியான அகற்றுதல் முடிந்துவிட்டது. விடுபட்டிருப்பது எண்ணுதல் மட்டுமே.

ஒரு மூட்டையைப் பிரித்தால்

'எண்ணுதல் மட்டுமே' என்று எழுதுவது எளிது. வேலை முடிந்த களைப்பில் ஆறு மூட்டைக் குப்பையை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வது கொடுமை. அது தேவையும் இல்லை. இங்கே கைகொடுப்பது மாதிரியெடுத்தல். சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுவதையும் யாரும் பிசைந்து பார்ப்பதில்லை. ஆனால் எந்தப் பருக்கையை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 100 மீட்டர் நீளப் பகுதியைக் கூட்டியதில் ஆறு மூட்டைகள் சேர்ந்தன. ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அந்த எண்ணுக்குரிய மூட்டையைப் பிரிக்கிறோம். சீட்டு எதற்கு என்றால், விட்டால் யாராக இருந்தாலும் சின்னதாக, காய்ந்ததாக இருக்கும் மூட்டையைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுப்பேன். பிரித்த மூட்டையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 31, தின்பண்ட பாக்கெட் 22, பாட்டில் மூடி 14, ஸ்ட்ரா 6, வலை மற்றும் கயிற்றுத் துண்டு 5, பாட்டில் 4, இன்னதென்று தெரியாத துண்டுகள் 2, ஆக மொத்தம் 84 பொருள்கள். ஆறு மூட்டைக்கு 504. நேற்றுக் காலையும் கூட்டியிருந்தால், இது 100 மீட்டருக்கு ஒரு நாளில் சேர்ந்த அளவு. நேற்று விடுப்பு, யாரும் கூட்டவில்லை என்றால் இதே 504, இரண்டு நாள் சேர்ந்த அளவு. நாளொன்றுக்கு 252 ஆகிவிடும். எனவே 'நேற்றுக் கூட்டப்பட்டதா?' என்ற ஒரு சிறு கட்டம் படிவத்தில் இல்லையென்றால் மற்ற எல்லா எண்களும் வீண்.

அந்த 84 பொருள்களில் கப்பும் ஸ்ட்ராவுமாக 37, தமிழ்நாடு அரசு 2018 சூன் மாதம் அறிவித்து 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 14 வகைப் பொருள்களின் தடைப்பட்டியலில் உள்ளவை. ஒரு மூட்டையைப் பிரித்ததிலேயே, தடை எந்தப் பொருளில் தோற்றது என்ற கேள்வியை ஒருவர் எழுப்பிவிட முடிகிறது. ஒரே ஒரு மூட்டையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது வேறு விஷயம். மூட்டைக்கு மூட்டை வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, மாதத்துக்கு ஒரு நாள் ஆறையும் எண்ணி, ஒரு மூட்டையின் எண்ணிக்கையை ஆறால் பெருக்கிக் கிடைத்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எடை போட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடுமே என்று தோன்றும். மாநகராட்சிகள் குப்பையை டன் கணக்கில்தான் பேசுகின்றன. ஆனால் கடற்கரைக் குப்பையின் எடையில் பாதி ஈரமும் மணலுமாக இருக்கக்கூடும். ஷாம்பூ சாஷே ஒன்றின் எடையோ ஒன்றுமேயில்லை. நனைந்த ஒரு வலைத் துண்டு, நூறு சாஷேக்களை எடையில் மறைத்துவிடும். ஆகவே எண்ணிக்கைதான் முதன்மை. ஐரோப்பிய ஒன்றியமும் 2020இல் கடற்கரைகளுக்கு வரம்பு வகுத்தபோது 100 மீட்டருக்கு 20 பொருள்கள் என்று எண்ணிக்கையில்தான் வகுத்தது. அது இருப்பின் அளவு, மேலே சொன்ன 504 ஒரு நாளில் சேரும் அளவு. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஒப்பிட்டுத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

யாருடைய பட்டியல்?

எண்ணுவதற்கு ஒரு பொருட்பட்டியல் வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன; அவற்றில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைகளுக்கும் வேட்டைத் துப்பாக்கித் தோட்டா உறைகளுக்கும் தனித்தனி இடமுண்டு. அங்கே அவை கிடக்கின்றன, பட்டியலில் இருக்கின்றன. நம் கரையில் கிடப்பவை வேறு: தண்ணீர் பாக்கெட், பாக்கு உறை, சாம்பார் கட்டிய கவர், பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை, சுண்டல் வாங்கிய கப், பிள்ளையார் சதுர்த்திக்குப் பின் தெர்மகோல் அலங்காரத் துண்டுகள். காணும் பொங்கலன்று மெரினாவில் சேர்வதற்குத் தனிப் பட்டியலே போடலாம். வெளிநாட்டுப் பட்டியலை மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தால், கிடப்பதில் பாதி 'இதர' என்ற ஒரே கட்டத்துக்குள் போய் விழும்.

எனவே, கூட்டுகிறவர்களை உட்கார வைத்து, ஒரு வாரக் குப்பையைத் தார்பாயில் பரப்பி, அவர்கள் எப்படிப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்களோ அந்தப் பெயர்களிலேயே பதினைந்து, இருபது வகைகளைத் தேர்வது நல்லது. மற்ற நாட்டு எண்களோடு ஒப்பிட வேண்டியபோது, இவற்றைப் பெரிய வகைகளுக்குள் அடக்கிக்கொள்ளும் வேலையை ஆய்வாளர் தன் மேசையில் செய்துகொள்ளலாம். பொருளின் பெயரோடு படமும் அச்சிட்ட அட்டை இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகிறவரும் கோடு போட்டு எண்ணிவிடுவார். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. கைப்பேசிச் செயலி தேவையில்லை. மணல் படிந்த ஈரக் கையுறையோடு தொடுதிரையை இயக்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்பது புரியும். அட்டையைக் கடைசியில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

மதிப்புள்ள பொருள்கள் விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. காயலான் கடையில் விலை போகும் பாட்டில்களை, பணியாளர்கள் வருவதற்கு முன்பே பொறுக்குபவர்கள் எடுத்துச் சென்றுவிடுகிறார்கள்; மிச்சமிருப்பதைச் சில இடங்களில் பணியாளர்களே தனியே எடுத்து வைத்து விற்கிறார்கள். மேலே உள்ள கணக்கில் மூடி 14 இருக்க, பாட்டில் 4 மட்டும் இருப்பது இதனால்தான் நேரும். மூடிகளின் எண்ணிக்கை, காணாமல் போன பாட்டில்களின் சாட்சி. 'பாட்டில் குறைந்துவிட்டது' என்று ஆய்வாளர் எழுதுவதற்கு முன் பணியாளரிடம் கேட்டால், 'குறையலைங்க, எடுத்துட்டாங்க' என்ற பதில் வரும். அந்தச் சில்லறை வருமானத்தைப் பற்றி மேற்பார்வையாளருக்குத் தெரியாது என்றால், அதைப் படிவத்தில் எழுதச் சொல்வது ஒருவருடைய பிழைப்பில் கை வைப்பதாகும். தனியே எடுத்ததை யார் எடுத்தது என்று கேட்காமல், எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

துடைப்பத்தால் கூட்டி அள்ளியதை எண்ணும் இந்த முறைக்கும் எல்லை உண்டு. துடைப்பமும் வாரியும் பெரிய பொருள்களைத் திரட்டும்; சிகரெட் துண்டும் தெர்மகோல் மணியும் பாதிக்குமேல் தப்பிவிடும். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்பிளாஸ்டிக் இந்த முறையில் சிக்காது. அதற்குச் சல்லடையும் ஆய்வகமும் வேண்டும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது, பருப்பளவு வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் வந்து ஒதுங்கின. அப்படிப்பட்ட பொருளை அன்றாடக் கணக்கு அளக்காது. ஆனால் 'இது இதுவரை இங்கே பார்க்காத ஒன்று' என்று முதல் நாளே சொல்லக்கூடியவர், அந்தக் கரையைத் தினம் பெருக்குகிறவர். அளவீடும் எச்சரிக்கையும் இருவேறு பயன்கள். இரண்டாவதற்குச் சல்லடை தேவையில்லை.

நம்பலாமா?

படிக்காதவர்கள் எண்ணியதை எப்படி நம்புவது என்ற கேள்வி, நேராகவோ சுற்றிவளைத்தோ நிச்சயம் வரும். கேள்வி தவறில்லை, ஆனால் அதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். முனைவர் பட்ட மாணவர் எண்ணினாலும் பிழை வரும். வழி ஒன்றுதான்: ஒருவர் எண்ணிய மூட்டையை, அவர் எழுதியதைப் பார்க்காமல், இன்னொருவர் திரும்ப எண்ண வேண்டும். பத்து மூட்டைக்கு ஒன்று இப்படி இருமுறை எண்ணப்பட்டால், எந்த வகையில் வேறுபாடு அதிகம் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் பிழை இருப்பது எண்ணியவரிடம் அன்று, பட்டியலில். ஒருவர் 'கவர்' என்று எழுதியதை இன்னொருவர் 'பாக்கெட்' என்று எழுதியிருந்தால், அந்த இரண்டு வகைகளின் எல்லை சரியாக வரையறுக்கப்படவில்லை என்று பொருள்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய பிழை வேறொன்று. எண்ணிக்கை குறைவாக இருந்தால் 'சரியாகக் கூட்டவில்லையா?' என்றும், அதிகமாக இருந்தால் 'உன் பகுதி ஏன் இவ்வளவு அசிங்கம்?' என்றும் அதிகாரி கேட்பார் என்ற பயம் வந்துவிட்டால், எண்கள் தாமாகவே நடுவாந்தரமாகிவிடும். பிறகு எந்தப் புள்ளியியல் சூத்திரமும் அவற்றைக் காப்பாற்றாது. ஆகவே இந்தக் கணக்கேடு வருகைப் பதிவேட்டோடும் பணி மதிப்பீட்டோடும் எந்த வகையிலும் இணைக்கப்படக் கூடாது. இணைக்கப்படாது என்பதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் தர வேண்டும்.

கூலி

குடிமக்கள் அறிவியலில் பொதுவாகப் பணம் தருவதில்லை. ஆர்வம்தான் மூலதனம் என்பார்கள். ஓய்வு நாளில் பறவை பார்க்கப் போகிறவருக்கு அது பொருந்தும். ஒருவருடைய வேலை நேரத்துக்குள், அவருடைய வேலைப் பொருளின் மீது, இன்னொரு வேலையைச் சேர்த்துவிட்டு அதைத் 'தன்னார்வம்' என்று அழைப்பது ஏய்ப்பு. 2025 ஆகஸ்டில், சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியார் ஒப்பந்தத்துக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்திருந்து, கடைசியில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டதை ஊரே பார்த்தது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் இரண்டு ஆண்டுத் தொடர் தரவு கேட்பதற்கு முன், இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தம் மாறி ஆட்கள் மாறினால் தரவுத் தொடரும் அறுந்துபோகும் என்பதால், பணி நிலைப்பாடு இங்கே ஆய்வு முறையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

எனவே எண்ணும் அரை மணி நேரம் பணி நேரத்துக்குள் கணக்கிடப்பட வேண்டும். அந்த அளவுக்குப் பெருக்கும் தூரம் குறைக்கப்பட வேண்டும், அல்லது தனிப் படி தரப்பட வேண்டும். பிரிப்பதற்கு நிழலான இடம், கனத்த கையுறை, இடுக்கி, கை கழுவத் தண்ணீர், சோப்பு ஆகியவை தேவை. கட்டி வீசப்பட்ட நாப்கின், டயப்பர் பொட்டலங்களையும் ஊசி, கண்ணாடி இருக்கும் பைகளையும் திறக்கக் கூடாது. அவற்றை வெளியிலிருந்தே ஒன்றென எண்ணினால் போதும்.

பங்கேற்பு என்பதற்குக் கணக்கெடுத்துக் கொடுப்பது மட்டுமே பொருள் என்று நினைத்துவிடவும் கூடாது. புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவான ஸ்வச், 2013இல், தங்கள் உறுப்பினர்கள் வெறுங்கையால் பிரிக்க நேர்ந்த பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பியது. எந்தக் குப்பை யாருடைய பொருள் என்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் எழுப்பிய கேள்வி அது. அவர்களுக்காக வேறு யாரும் அதை வகுத்துக் கொடுக்கவில்லை. 2018 முதல் பல நாடுகளில் நடந்துவரும் 'பிராண்ட் தணிக்கை', அதாவது குப்பையில் எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று எண்ணும் முறை, இதே கேள்வியை எண்களாக்குகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், அவற்றின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும், தயாரிப்பாளர்கள் தங்கள் பொதிபொருள்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. எந்த உறை கரையில் வந்து கிடக்கிறது என்ற கணக்கு அந்தப் பொறுப்பைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலாகும். ஆனால் எதை எண்ணுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் எண்ணுகிறவர்களும் இருந்தால்தான் இது நடக்கும்.

முடிவுகள் திரும்பி வருவதும் அவ்வளவே முக்கியம். மூன்று மாதக் கணக்கை ஒரு பெரிய தாளில் கோட்டுப்படமாக வரைந்து, பணியாளர்கள் காலையில் வருகை போடும் இடத்துச் சுவரில் ஒட்டினால், ஆய்வாளர் கவனிக்காத ஏற்ற இறக்கங்களுக்கு அங்கேயே விளக்கம் கிடைக்கும். 'அந்த வாரம் மேல மழை, ஆறு புரண்டு வந்துச்சு', 'அன்னிக்குக் கோயில் திருவிழா', 'புது ஜூஸ் கடை அப்பத்தான் போட்டாங்க'. அறிக்கையில் பெயர் போட வேண்டுமா என்பதை அவரவரிடம் கேட்க வேண்டும். சிலர் விரும்புவார்கள், சிலருக்கு அது வம்பை விலைக்கு வாங்குவது போல.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: ஊர் முழுவதற்கும் திட்டம் போடாதீர்கள். ஒரு தெருவோ, 100 மீட்டர் கரையோ, அதைப் பெருக்கும் இரண்டு மூன்று பேரோ போதும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு வேலை நாளும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த திங்களும், ஒரு மூட்டை வீதம் எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே ஆரம்பித்தால், மழைக்கு முன், மழைக்குப் பின் என்ற ஒப்பீடு முதல் ஆண்டிலேயே கிடைத்துவிடும். பட்டியலின் கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அதில் விழுவதை மட்டும் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லோரும் உட்கார்ந்து, மற்ற எண்களைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தை வாசியுங்கள். இரண்டாம் மாதப் பட்டியலை அதைக் கொண்டு திருத்தி எழுதுங்கள்.